நன்றாகத் தேய்த்த பல்லே ஏன் கூசுகிறது?

கேள்வி: டாக்டர், குடியாத்தத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 43. ஒரு வருடமாகப் பல் கூச்சம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் இடது பக்கம் மேல் பற்களில் சுருக்கென்று ஏறுகிறது, இரண்டு மூன்று நொடியில் போய்விடுகிறது. சின்ன வயதிலிருந்தே பல் விஷயத்தில் நான் ரொம்ப சுத்தம், சொத்தை ஒன்றுகூட இல்லை. காலை, இரவு இரண்டு வேளையும் ஹார்டு பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பேன். பிரஷ் ஒரு மாதத்திலேயே விரிந்துவிடும், உடனே புதுசு வாங்கிவிடுவேன். வாரத்தில் இரண்டு நாள் பல்பொடியில் உப்பு கலந்து விரலால் தேய்ப்பதும் உண்டு. வெயில் காலத்தில் மதியம் கடையில் லெமன் சோடா இல்லாமல் முடியாது. கூச்சத்துக்கென்று விற்கும் பேஸ்ட்டை ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன், பலனில்லை என்று விட்டுவிட்டேன். கால்சியம் குறைவாக இருக்கும் என்று அக்கா சொன்னதால் மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது பத்து நாளாக வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று சூடாக டீ குடித்தால் வலிக்கிறது, டீயை வைத்த பிறகும் வலி நிற்கிறது. என் மாமியாருக்கு 70 வயது. செங்கல் தூளில் பல் விளக்கி வளர்ந்தவர். அவருக்குக் கூச்சமே கிடையாது. இவ்வளவு சுத்தமாக இருக்கும் எனக்கு மட்டும் ஏன்?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. நீங்கள் ஒன்றைப் பற்றி விரிவாக எழுதி, இன்னொன்றைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த இரண்டாவதுதான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் இருப்பது வெறும் கூச்சம் இல்லை. கூச்சம் என்பது குளிர்ச்சி பட்டவுடன் வரும், குளிர்ச்சி போனவுடன் போகும். உங்கள் இடது பக்கப் பற்கள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. சூடு பட்டு வலித்து, டீயைக் கீழே வைத்த பிறகும் வலி நின்றால், பல்லின் உள்ளே இருக்கும் நரம்பும் ரத்தக் குழாய்களும் சேர்ந்த கூழ் போன்ற பகுதி வீங்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் காரணம் ஆழமான சொத்தை. இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடுக்கில் சொத்தை விழுந்தால் கண்ணாடியில் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். சொத்தை ஒன்றுகூட இல்லை என்று நீங்கள் நம்புவதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. பல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் இப்படி ஆகும். கடிக்கும்போதோ, கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போதோ சுரீரென்று வலித்தால் விரிசலைச் சந்தேகப்பட வேண்டும்.

இந்த வாரமே ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் போனால் சில சமயம் ஃபில்லிங்கோடு முடிந்துவிடும். உள்ளே வீக்கம் திரும்ப முடியாத கட்டத்துக்குப் போயிருந்தால் வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டியிருக்கும். அப்படியானாலும் பல்லைக் காப்பாற்றிவிடலாம். தள்ளிப்போட்டால் ஒரு நாள் வலி தானாக நின்றுவிடும். பலர் அதைக் குணமானதாக எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே நரம்பு செத்துப்போனதால் நின்ற வலி அது. அடுத்து வருவது வேர் நுனியில் சீழ். அதுவரை வலிக்கு, உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால், பாராசிட்டமால் வழக்கமான அளவில் போதும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். நரம்பு வீங்கி வரும் வலியை அது குறைக்காது. கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், அதிகமாக விட்டால் ஈறு வெந்துவிடும். கன்னமோ தாடையோ வீங்கி, காய்ச்சல் வந்தால் அன்றே போக வேண்டும். வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் நேரத்தைப் பார்க்காமல் பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். தனியார் செலவு கட்டுப்படியாகாது என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். இவ்வளவு சுத்தமாக இருந்தும் ஏன் கூச்சம் என்கிறீர்கள். வருத்தமான பதில்தான்: உங்கள் இடது பக்கக் கூச்சத்துக்குப் பெரிய காரணம் நீங்கள் சுத்தம் என்று நினைத்துச் செய்யும் அந்த அழுத்தம்.

பல்லின் மேலே இருக்கும் எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். அதற்கு உணர்ச்சி கிடையாது. ஆனால் எனாமல், ஈறுக்கு மேலே தெரியும் பகுதியை மட்டும்தான் மூடியிருக்கிறது. ஈறு ஓரத்துக்கு வரும்போது மெலிந்து முடிந்துவிடுகிறது. ஈறுக்குள் இருக்கும் வேரின் மேல் எனாமல் இல்லை. மிக மெல்லிய வேறொரு பூச்சு இருக்கிறது, கழுத்துப் பகுதியில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்த வேரைப் பாதுகாப்பது ஈறுதான். பாலாற்றில் மணல் அள்ளிய கரையோரம் மரத்தின் வேர் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஈறு மேலேறிய பல்லும் அப்படித்தான் நிற்கிறது.

ஈறு விலகி, அந்த மெல்லிய பூச்சும் தேய்ந்துவிட்டால், அடியில் இருக்கும் டென்டின் வெளிப்படும். டென்டின் முழுக்க நுண்ணிய குழாய்கள். ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் இருக்கும். ஒவ்வொன்றிலும் திரவம் நிறைந்திருக்கிறது, அதன் உள்முனை நரம்புக்குப் பக்கத்தில் போய் முடிகிறது. குளிர்ச்சி பட்டால் அந்தத் திரவம் வெளிப்புறமாக நகரும். காற்று பட்டால் உலர்ந்து வெளியே இழுக்கப்படும். இனிப்பும் அதை உறிஞ்சி இழுக்கும். அந்த நகர்வை நரம்பு வலியாக உணர்கிறது. ஸ்வீடன் நாட்டுப் பல் மருத்துவர் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் 1960-களில் செய்த ஆய்வுகளால் நிலைபெற்ற விளக்கம் இது. சூட்டில் திரவம் உள்நோக்கி நகர்கிறது, அதை நரம்பு அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அதனால்தான் சாதாரணக் கூச்சம் பெரும்பாலும் குளிர்ச்சியில் வருகிறது, சூட்டில் வலிக்கும் பல்லை நாங்கள் தனியாகக் கவனிக்கிறோம்.

இடது பக்கம் மேலே என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வலது கைப் பழக்கம் உள்ளவர் என்று நினைக்கிறேன். வலது கையால் தேய்ப்பவர்களுக்கு இடது பக்கப் பற்களில், முக்கியமாகக் கோரைப்பல்லிலும் அதற்குப் பின்னால் உள்ள இரண்டு சின்ன கடைவாய்ப்பற்களிலும் தேய்மானம் கூடுதலாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். வளைவான இடம், வெளியே துருத்தி நிற்கும் பற்கள், கைக்கு முழு வலு கிடைக்கும் பக்கம். கண்ணாடி முன் நின்று உதட்டை விலக்கிப் பாருங்கள். அந்தப் பற்கள் மற்றவற்றைவிட நீளமாகத் தெரிகிறதா? ஈறு ஓரத்தில் மஞ்சளாக ஒரு பட்டை தெரிகிறதா? விரல் நகத்தால் மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவினால் ஒரு பள்ளத்தில் நகம் மாட்டுகிறதா? மாட்டினால் அங்கே பல் அறுபட்டிருக்கிறது.

பிரஷ் ஒரு மாதத்தில் விரிகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். சரியாகப் பிடித்துத் தேய்த்தால் ஒரு பிரஷ் மூன்று மாதம் வரை தாங்கும். அதற்குள் முடி மடங்கினால் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் அதிகம். அதோடு பல்பொடி, உப்பு. நம் பக்கத்தில் பல்பொடியும் கரியும் சாம்பலும் நாட்டு வழக்கம், அதனால் கெடுதல் இல்லை என்று நினைக்கிறோம். அவற்றில் இருக்கும் சொரசொரப்பு எனாமலையே நாளடைவில் தேய்க்கும், வெளிப்பட்ட டென்டினை இன்னும் வேகமாகத் தேய்க்கும். வெளிப்பட்ட வேர் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்குப் பொடியும் உப்பும் வேண்டவே வேண்டாம். நாகரிகமாக டப்பாவில் வரும் கரி பேஸ்ட்டும் வேண்டாம்.

சாஃப்ட் என்று எழுதியிருக்கும் பிரஷ் வாங்குங்கள். உள்ளங்கையில் பிடிக்காமல் பேனா பிடிக்கிற மாதிரி விரல்களில் பிடியுங்கள், அழுத்தம் தானாகக் குறையும். பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாக, மேல் பற்களில் கீழ் நோக்கியும் கீழ் பற்களில் மேல் நோக்கியும் தேயுங்கள். பக்கவாட்டில் அறுக்கிற மாதிரி தேய்ப்பதை விடுங்கள். இரண்டு நிமிடம் போதும். முதல் சில நாட்கள் தேய்த்த மாதிரியே இருக்காது, வாய் சுத்தமாகவில்லை என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த நாட்களைத் தாண்டிவிடுங்கள். பல்லில் படிவது மென்மையான படலம், அதை எடுக்க வலு தேவையில்லை. கெட்டியாகிவிட்ட காரையை எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் பிரஷ்ஷால் எடுக்க முடியாது.

இங்கே ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கூச்சத்துக்குப் பயந்து அந்தப் பக்கம் பிரஷ் வைக்காமலே விட்டுவிடுபவர்களும் உண்டு. படலம் சேர்ந்து, ஈறு வீங்கி ரத்தம் கசிந்து, அடியில் எலும்பு கரைந்து, ஈறு இன்னும் விலகும். கூச்சம் இரட்டிப்பாகும். மென்மையாகத் தேய்க்க வேண்டும், தேய்க்காமல் விடக்கூடாது.

அடுத்து லெமன் சோடா. சித்திரை வெயிலில் வேலூர் பக்கம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் குளிர்ச்சியாக ஏதாவது குடிக்காமல் இருக்க முடியாது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். புளிப்பை அளக்கும் எண் பி.எச்., அது குறையக் குறைய அமிலம் அதிகம். வாயின் பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். டென்டின் அதற்கும் முன்னாலேயே கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிறது. கோலா பானங்களும் அந்த அளவில்தான். உமிழ்நீர் அந்த அமிலத்தைச் சமன் செய்யும், ஆனால் அதற்கு நேரம் தேவை. ஒரு கிளாஸை ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்தால் உமிழ்நீருக்கு ஒரு முறை வேலை. தைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் வாய் வாயாக உறிஞ்சினால் அந்த ஒரு மணி நேரமும் பல் அமிலத்தில் இருக்கிறது. அளவைவிட எவ்வளவு நேரம், எத்தனை தடவை என்பதுதான் பல்லைக் கெடுக்கிறது.

முடிந்தால் மதியத்துக்கு நீர்மோரோ இளநீரோ பானைத் தண்ணீரோ குடியுங்கள். லெமன் சோடாதான் வேண்டும் என்கிற நாளில் ஸ்ட்ரா போட்டு, ஒரேயடியாகக் குடித்துவிட்டு, வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். புளிப்பு சாப்பிட்டவுடன் பல் தேய்க்காதீர்கள். அமிலத்தில் மேற்பரப்பு இளகியிருக்கும், அப்போது பிரஷ் பட்டால் சேர்ந்து வந்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும். புளிக் குழம்பையோ, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயையோ கைவிடச் சொல்லவில்லை. சாப்பாட்டோடு சேர்ந்து போகும் புளிப்பு பெரிய தொந்தரவு இல்லை. மாங்காய்த் துண்டு, எலுமிச்சை, புளி என்று இடைவேளைகளில் வாயில் ஒதுக்கிக்கொள்வதுதான் கெடுதல்.

வயிற்றிலிருந்து வரும் அமிலமும் இதே வேலையைச் செய்யும். நெஞ்செரிச்சல், இரவில் தொண்டைக்கு வரும் புளித்த ஏப்பம் இருந்தால் அதற்கு வைத்தியம் பார்க்காமல் பல்லை மட்டும் பார்த்துப் பயனில்லை. பெண்களுக்கு மசக்கை வாந்தியிலும் இப்படி ஆகிறது. வாந்தி எடுத்தவுடன் பல் தேய்க்காமல், ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் யாராவது பேட்டரி தயாரிக்கும் இடத்திலோ, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத் தோல் தொழிற்சாலைகளில் கந்தக அமிலம் கலக்கும் பிரிவிலோ வேலை செய்தால், பல் மருத்துவரிடம் அந்த வேலையையும் சொல்லச் சொல்லுங்கள். அமில ஆவியில் முன்பற்கள் கரைவது மருத்துவத்தில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம்.

உங்கள் தொழிலைப் பற்றியும் ஒரு கேள்வி. நூலைப் பல்லால் கடித்து அறுப்பீர்களா? குண்டூசியைப் பல் இடுக்கில் பிடிப்பீர்களா? தையல்காரர்களின் முன்பல் நுனியில் சின்ன வெட்டு விழுவதற்குக் காரணம் அதுதான். கத்திரியைக் கைக்கு எட்டும் தூரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.

மற்ற காரணங்களை மருத்துவர் பார்க்கும்போதே கேட்டுவிடுவார். தூக்கத்தில் பல்லைக் கடிப்பது ஒன்று. காலையில் எழும்போது தாடை வலித்தால், பல் நறநறவென்று சத்தம் வருகிறது என்று வீட்டில் சொன்னால், அதைச் சொல்லுங்கள், இரவில் போட்டுக்கொள்ள ஒரு கவசம் செய்து தருவார்கள். சமீபத்தில் பல் வெளுப்பாக்கியிருந்தால் சில நாட்கள் கூசும். சளி பிடித்துக் கன்னம் கனக்கும்போது மேல் கடைவாய்ப்பற்கள் எல்லாம் சேர்ந்து வலித்தால் சைனஸாக இருக்கலாம். புகையிலையை ஒரே கன்னத்தில் அடக்குபவர்களுக்கும், புகையிலைப் பொடியால் பல் தேய்ப்பவர்களுக்கும் அந்த இடத்து ஈறு விலகும். அதில் கூச்சத்தைவிடப் பெரிய ஆபத்து வாய்ப்புற்றுநோய்.

பல் க்ளீனிங் செய்த பிறகு வரும் கூச்சத்தைப் பற்றி ஊரில் தப்பான பேச்சு இருக்கிறது. காரையை எடுத்தால் பல் தேய்ந்துவிடும், ஆட்டம் கொடுக்கும் என்று சொல்வார்கள். உண்மையில் வேரை மூடிக்கொண்டிருந்த காரை போனதால் வேர் வெளியே தெரிகிறது, அதனால் சில நாட்கள் கூசும். காரை இருந்தவரை அது ஈறையும் எலும்பையும் தின்றுகொண்டிருந்தது. அந்தப் பயத்தில் க்ளீனிங்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

பேஸ்ட்டை ஒரு வாரத்தில் விட்டுவிட்டீர்கள், அதுதான் அது வேலை செய்யாததற்குக் காரணம். இந்தப் பேஸ்ட்டுகள் இரண்டு வகையாக வேலை செய்கின்றன. 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் உள்ளவை நரம்பின் சுறுசுறுப்பை மெல்ல அடக்கும். ஸ்டானஸ் ஃபுளோரைடு, அர்ஜினைன் உள்ளவை அந்த நுண்குழாய்களின் வாயை அடைக்கும். பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் கொடுக்க வேண்டும். பெட்டியில் உள்ள எழுத்தைப் படித்து, ஃபுளோரைடும் சேர்ந்திருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு வேளையும் அதையே பயன்படுத்துங்கள். தேய்த்த பிறகு நுரையைத் துப்புங்கள், டம்ளர் டம்ளராகத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். நம் வீடுகளில் கொப்பளித்துக் கொப்பளித்து மருந்தை முழுக்கக் கழுவிவிடுகிறோம். இரவு படுக்கும் முன் பட்டாணி அளவு பேஸ்ட்டை விரலில் எடுத்து, கூசும் இடத்தில் தடவி, துப்பிவிட்டுப் படுத்துவிடுங்கள். ஹார்டு பிரஷ்ஷையும் சோடாவையும் விடாமல் பேஸ்ட்டை மட்டும் மாற்றினால், ஒரு பக்கம் அடைக்க அடைக்க இன்னொரு பக்கம் திறந்துகொண்டே இருக்கும்.

நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால் மருத்துவமனையில் செய்யக் கூடியவை இருக்கின்றன. ஃபுளோரைடு வார்னிஷ் தடவுவது எளிது, வலி இல்லை. பள்ளம் விழுந்திருந்தால் பல் நிறத்திலேயே ஃபில்லிங் வைத்து மூடிவிடலாம், அப்போது கூச்சம் பெரும்பாலும் அன்றே நிற்கும். ஈறு ரொம்பவும் விலகியிருந்தால் மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து வைத்து மூடும் அறுவை சிகிச்சை உண்டு, அது எல்லோருக்கும் தேவைப்படாது. வெறும் கூச்சத்துக்காகப் பல்லைப் பிடுங்க வேண்டியதே இல்லை. யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள்.

கால்சியம் மாத்திரை உங்கள் கூச்சத்தைத் தீர்க்காது. எனாமல் உருவாகி முடிந்த பிறகு அதில் உயிருள்ள செல்கள் இல்லை, ரத்தத்தில் வரும் கால்சியம் தேய்ந்த இடத்தைக் கட்டாது. எலும்புக்காக உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் தொடருங்கள். அக்கா சொன்னதற்காக என்றால் அந்தக் காசில் ஒரு நல்ல பேஸ்ட் வாங்கலாம்.

கடைசியாக மாமியார். பல் கூச்சம் இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில்தான் அதிகம். வயதாக ஆகப் பல் தன் நுண்குழாய்களைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொள்கிறது. உள்ளே புதிதாக டென்டின் படிந்து நரம்பு இருக்கும் அறையும் சுருங்கிவிடுகிறது. அதனால் செங்கல் தூள் அவருடைய பல்லைத் தேய்த்திருந்தாலும் வலி தெரிவதில்லை. பல்லின் எச்சரிக்கை மணி அடிப்பது நின்றுபோனதால், அவருக்குச் சொத்தை விழுந்தாலும், ஈறு நோய் முற்றினாலும் சீக்கிரம் தெரியாது. அவருக்குச் சர்க்கரை இருந்தால் ஈறு இன்னும் வேகமாகக் கெடும். வலது பக்கக் கடைவாய்ப்பல்லைக் காட்ட இந்த வாரம் நீங்கள் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் தினமும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை ஏதாவது அதில் இருந்தால், பல்லில் கை வைக்கும் முன்பே மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.